வெள்ளைக் குட்டி போன பரணி நாள்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று காலை பள்ளி வேன் ஹாரன் அடித்தபோது என் மகள் முயல் கூண்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறுங்கால்.

“ம்மா, வெள்ளை சாப்பிடல. மூஞ்சிகிட்ட வெச்சாகூடத் திரும்பிக்குது. நீ பார்த்துக்கோ, ஆங்?”

“பார்த்துக்கறேன். நீ மொதல்ல ஏறு.”

வேன் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாக அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். மலைக்கோயிலுக்குப் போகிற காவடிக் கூட்டத்தின் பம்பைச் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் என் தம்பி கொடுத்த குட்டிகள் அவை. அவன் வீட்டு முயல் போட்டதில் இரண்டை அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்து, கேட்காமலேயே என் மகள் மடியில் விட்டுவிட்டுப் போனான். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். நாங்கள் சொன்ன பெயர் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் வெள்ளை, சாம்பல் என்றே நின்றுவிட்டது. வெள்ளைதான் துடுக்கு. நான் தையல் மிஷினில் உட்கார்ந்தால் காலடியில் வந்து, கீழே விழுகிற வெட்டுத் துணியை இழுத்துக்கொண்டு ஓடும்.

அன்றைக்கு அது கூண்டின் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் லேசாக வந்தது. காதைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. புழுக்கைகளைத் தேடினேன். இருந்ததெல்லாம் காய்ந்தவை, நேற்றையவை.

போனில் தேடியபோது எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வந்தது: முயல் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். அதைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் சுபாவமே அப்படி. மகளுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்ப்பேன். சென்னையில் வேலை செய்கிற என் கணவர் காலை ரயிலிலேயே போயிருந்தார். கூப்பிட்டேன். அரக்கோணம் தாண்டிவிட்டதாகச் சொன்னார்.

“சாயந்திரம் வரைக்கும் பாரேன். சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார்.

சாயந்திரம் வரைக்கும் என்னால் பார்க்க முடியாது. தைக்க வைத்திருந்த மெத்தென்ற காட்டன் துணியில் வெள்ளையைச் சுற்றி, காய் வாங்கும் கூடையில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். அங்கே ஓர் ஆட்டோ நின்றிருந்தது.

“மாட்டாஸ்பத்திரிக்கு வருமா?”

ஆட்டோக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார். “போலாம்க்கா. ஆனா ரோடு எதுவரைக்கும் உட்டிருக்கான்னு தெரியல. பரணி ஆச்சே.”

பாதி தூரம்கூடப் போகவில்லை, தடுப்பு போட்டிருந்தார்கள். நகரிப் பக்கமிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் வந்திறங்கிய கூட்டம் சாலை முழுவதும் மஞ்சளாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, “இங்கேர்ந்து நடந்துடுங்கக்கா, நின்னுகினு இருந்தா மத்தியானம் ஆயிடும்” என்றார் அவர்.

எல்லோரும் மலையைப் பார்த்து வந்தார்கள். நான் மட்டும் எதிரே போனேன். கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பூக்காவடி ஒன்று என் தலையை உரசிப் போனது. பம்பைக்காரர்கள் எனக்குப் பக்கத்திலேயே நின்று அடிக்கத் தொடங்கினார்கள். கூடைக்குள் ஒரு துள்ளல் தெரிந்தது. துணியைத் தாண்டி என் விரலில் நகம் பட்டது. “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே பக்கத்துச் சந்தில் திரும்பினேன்.

சந்தில் சத்தம் குறைந்தது. கூடைக்குள்ளும் அசைவு இல்லை.

துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். ஒரு நொடி வேலைதான். என்னால் முடியவில்லை. பார்க்காத வரைக்கும் அது தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். கனம் மாறியிருக்கிறதா என்று கை எடை போட்டுப் பார்த்தது. மாறவில்லை என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். நடையை மட்டும் வேகமாக்கினேன். கடைசியில் கிட்டத்தட்ட ஓடினேன்.

டாக்டரம்மா துணியைப் பிரித்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி இன்னொரு முறை வைத்தார். பிறகு அதைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார்.

“வர்ற வழியில காலை உதைச்சுதுங்க மேடம். இப்பதான். எனக்கு நல்லாத் தெரியும்.”

“இப்பதான் போயிருக்கும். உடம்பு சூடு இன்னும் இருக்கு.”

எதனால் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் ஒரு நூறு காரணம் ஓடியது. நேற்று போட்ட முள்ளங்கிக் கீரையா, மிஷின் சத்தமா, நான் அதைக் கூட்டத்துக்குள் தூக்கி வந்ததா.

“முயலுக்கு வயிறு எப்பவும் வேலை செஞ்சுகிட்டே இருக்கணும். நின்னுடுச்சுன்னா ரொம்ப வேகமா இறங்கிடும். குட்டின்னா இன்னும் சீக்கிரம். வயித்துல கிருமியா இருக்கலாம், பயமா இருக்கலாம். இது உடம்பு முடியலைன்னு வெளிய காட்டாதும்மா. காட்டும்போது நமக்கு நேரம் இருக்காது.” துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “வீட்ல வேற முயல் இருக்கா?”

“ஆங், ஒண்ணு இருக்குது.”

“அது சாப்பிடுதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளையைப் பார்த்த பதற்றத்தில் நான் சாம்பலைப் பார்க்கவே இல்லை.

தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து தந்தார். கூண்டைக் கழுவச் சொன்னார். கடைசியாக, “உடனே புதைச்சுடாதீங்க. ரெண்டும் ஒரே கூண்டுல இருந்ததுங்கதானே, புதுசா ஒட்டறதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அதும் பக்கத்துல வைங்க. பார்த்துக்கட்டும். இல்லைன்னா தேடிகிட்டே இருக்கும்” என்றார்.

திரும்பும்போது கூட்டம் போகிற திசையிலேயே நடந்தேன். யாரோ ஒரு பெண் கூடையைப் பார்த்துவிட்டு, பூவா என்று தெலுங்கில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவருக்குப் போனில் சொன்னேன்.

“அவ வர்றதுக்குள்ள பொதைச்சுடு. நான் இங்கேர்ந்து அதே மாதிரி வெள்ளையா ஒண்ணு வாங்கிகினு வந்துடறேன். கொழந்தைக்கு எதுக்கு இதெல்லாம்.”

“அவளுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?”

“தெரிஞ்சா அழுவாளே. அதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னது தப்பென்றும் தோன்றவில்லை, சரியென்றும் தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாம்பல் கூண்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய்க்கொண்டிருந்தது. காலையில் வைத்த கொத்தமல்லி அப்படியே வாடிக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டு, வெள்ளையைத் துணியோடு தரையில் வைத்து முகத்தை மட்டும் விலக்கினேன். சாம்பல் உடனே வரவில்லை. வந்து மோந்தது. மூக்கால் இடித்தது. பிறகு காதை நக்கத் தொடங்கியது. தூங்கும்போது ஒன்றை ஒன்று நக்குமே, அதே மாதிரி. நெடுநேரம் நக்கியது. நான் சுவரில் சாய்ந்து, மகளிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களைச் சேர்ப்பதும் கலைப்பதுமாக இருந்தேன்.

எனக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. கூட்டத்தை முன்னிட்டுப் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வேன் சத்தம் கேட்டு நான் எழுந்திருப்பதற்குள் அவள் வாசலில் நின்றிருந்தாள்.

“தூங்குதா?” என்றாள்.

“இல்லடி.”

அவள் பையைக் கழற்றவில்லை. அப்படியே மண்டி போட்டாள். சாம்பல் நக்குகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்று நினைக்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் முகம் கோணியது. நான் பயந்த மாதிரி கத்தவில்லை. என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, “நான்தான் சொன்னேனே, பார்த்துக்கோன்னு” என்றாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆட்டோவில் போனது, நடந்தது, ஓடியது எல்லாம் என் வாய் வரை வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கணவருக்கு, எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பினேன்.

பின்கட்டில் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினோம். நாய் கிளறிவிடுமோ என்று நான் இன்னும் ஆழமாகத் தோண்டினேன். அவள் மண்ணைக் கையால் தள்ளினாள், கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்குமோ என்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. சாம்பல் எதையும் தொடவில்லை. புல், கொத்தமல்லி, கேரட் துண்டு எல்லாம் வைத்தோம். மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். பாதி வெளியே வந்தது. நாளைக்குக் கிருத்திகை, ஆஸ்பத்திரி திறந்திருக்குமோ என்னவோ. கணவர் ரயிலில் நெரிபட்டு வெறுங்கையோடு வந்தார். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“நைனா, இதுவும் போயிடுமா?” என்று மகள் அப்பாவிடம் கேட்டாள்.

“தெரியலடா” என்றார் அவர். காலையில் போனில் பேசியவர்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிருத்திகையன்று விடிந்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கூண்டுக்கு வந்தோம். மூலையில் புதிதாக நாலைந்து புழுக்கை கிடந்தது. அதைப் பார்த்து யாராவது கண்கலங்குவார்கள் என்று முன்தினம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மகள் ஓர் அருகம்புல்லை நீட்டினாள். சாம்பல் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அவள் கையை எடுக்கவில்லை. கை வலித்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு அது புல்லின் நுனியைக் கடித்தது. நிறுத்தியது. மறுபடி கடித்தது.

சத்தம் போட்டால் நிறுத்திவிடுமோ என்று பயம்.

சாயந்திரம் தெப்பம் பார்க்க அப்பாவும் மகளும் சரவணப் பொய்கைக்குக் கிளம்பினார்கள். அவளே கேட்டுத்தான் போனாள். வாசலில் நின்று, “நீ வரலையா?” என்றாள்.

“நான் இதுகூட இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க.”

அவர்கள் போன பிறகு இன்னொரு கட்டுப் புல்லைப் பிரித்து வைத்துவிட்டு, கூண்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.