குறுங்காட்டில் நான் கூட்டி அள்ளிய சருகு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோணல்மாணலாகத்தான் எழுத வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் எங்கள் தெருக்கோடியில் குப்பை கொட்டிய இடத்தில் இளவட்டங்கள் சிலர் நெருக்கமாகக் கன்றுகள் நட்டுக் குறுங்காடு வளர்த்தார்கள். இடுப்புயரம் வந்ததுமே குருவிகள் வந்துவிட்டன. என் வீடு அதை ஒட்டித்தான்; கொல்லைக்கதவைத் திறந்தால் குளுகுளுவென்று காற்று வரும். தனியாக இருக்கும் எனக்கு அதுதான் துணை.

பங்குனியில் அம்மனுக்கு முளைப்பாரி அந்த வழியாகத்தான் போகும். கன்றுகளுக்கு அடியில் வைக்கோலும் சருகுமாகக் கிடந்தது எனக்குக் கண்ணை உறுத்தியது. சுத்தமாகக் கூட்டி அள்ளி, தள்ளிக் குவித்துத் தீ வைத்தேன்.

"என்ன அயித்தை, காட்டுக்கும் கோலம் போடப் போறீகளா?" என்று பக்கத்து வீட்டு மீனா சிரித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கன்றுகள் கருகின. நட்டவர்கள் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்கள்.

"ஈரம் காயாம இருக்கத்தானே ஆத்தா போட்டிருந்தோம், அதைப்போயி அள்ளிட்டீகளே!"

குடம் குடமாக ஊற்றினேன். எதுவும் தழைக்கவில்லை. மறுபடியும் அங்கே குப்பை கொட்டுகிறார்கள்.

இப்போதெல்லாம் நான் சருகைக் கொளுத்துவதில்லை. மிச்சமிருக்கும் ஒரே புங்கங்கன்றுக்கு அடியில் கொண்டுபோய்ப் பரப்புகிறேன். அதுவும் வாடித்தான் நிற்கிறது. சருகு தண்டை ஒட்டிக் கிடக்கலாமா, தள்ளிப் போடவேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அதையும் நானே கொன்றுவிடக் கூடாது.