கோழிக்கூட்டுக் காளான்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. போன வருடம் அவள் பறித்துக் கொடுத்த காளான் ஒன்று காய்ந்து, காகித உறைக்குள் பத்திரமாக, அவள் பேரோடு பல்கலைக்கழக அலமாரியில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வாங்கிப்போன விரிவுரையாளர் தனுஷிகா மிஸ் அந்த உறையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். லயத்து வரிசை வீடுகளில் அதைப் பார்க்காத ஆளில்லை. பார்த்தவர்களுக்கும் மறுபடி காட்டினாள்.

உறையில் கிடைத்த இடத்தையும் எழுத வேண்டுமாம். புருஷன் அழகனிடமே மூச்சு விடாத ரகசியத்தை மிஸ்ஸிடம் சொல்லிவிடுவாளா? தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வீட்டுக் கக்கூசுக்குப் பின்னால் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

அசல் இடம், அடுத்த வீட்டு வினோதாவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மக்கிக் கிடந்த மரக்கட்டை. வினோதா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து நாகலெட்சுமி வேலி தாண்டுவாள். பறித்துச் சேலைக்குள் மறைத்து வந்துவிடுவாள். பெரிய மனசு பண்ணி அதில் ஒரு கைப்பிடியை வினோதாவுக்கே கொடுப்பாள். ஏது என்று கேட்டால் மேல்மலையில் கிடைத்தது என்பாள். அதை நம்பி மேல்மலை ஏறி வினோதா வாங்கிய அட்டைக்கடி கொஞ்சமா!

இந்த வருட மழையோடு மிஸ் மறுபடி வந்தார். இரண்டு நாள் அந்தக் கக்கூசுக்குப் பின்னால் குனிந்து குனிந்து தேடினார். கண்டாக்கு ஐயா பாவம், தன் வீட்டில் போக வெட்கப்பட்டு ஆபீசுக்கு ஓடினார். ஒரு காளான்கூட அகப்படவில்லை.

மூன்றாம் நாள் மிஸ் லயத்துக்கே வந்துவிட்டார். இடம் பிழையென்றால் அந்த உறையைச் சேகரிப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், பேரும் அதோடு போய்விடும் என்றார். லயமே கூடி நின்றது. முன்னால் வினோதா. சொன்னாலும் மானம் போகும், சொல்லாவிட்டாலும் போகும்; பேராவது மிஞ்சட்டும் என்று நாகலெட்சுமி வாயைத் திறந்தாள்.

"வினோதா வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலதாங்க மிஸ்."

வினோதா மிஸ்ஸைக் கூட்டிப்போய்க் கட்டையைக் காட்டினாள், திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நாகலெட்சுமி ஒரு வாரம் தவித்தாள்.

அடுத்த மழை விட்ட காலையில் வினோதா ஒரு கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். உள்ளே சரியாக ஒரு கைப்பிடி காளான்.

"கறிக்கு வச்சுக்கங்கக்கா. மேல்மலையில கெடைச்சுச்சு."