பொட்டு வைத்த கிரைண்டர்

என் மகள் கைப்பேசியிலேயே சாமான் வாங்குகிறாள். பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை, தூக்கிப் பார்ப்பதில்லை, விலை பேசுவதும் இல்லை. கேட்டால், "புடிக்கலன்னா திருப்பி அனுப்பிடலாம்மா, முழுப் பணமும் வந்துடும்" என்கிறாள். பெட்டி வீட்டுக்கு வந்ததும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அப்பாவப் பொட்டு வைக்க விட்டுடாத." அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு. பட்டவள் நான்.

எண்பதுகளில் நாங்கள் மந்தின் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்வெட்டு, என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி டிரைவர். மரம் வெட்டி வெட்டி என் வலது தோள் கெட்டுப் போயிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தைலம் கொடுத்துப் பார்த்தார், மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கடைசியில் கையை விரித்துவிட்டார். "இந்தத் தோள வச்சிக்கிட்டு இன்னும் மரம் வெட்டுனீங்கன்னா, அப்புறம் தலை சீவக்கூட கை மேல போகாது பாத்துக்குங்க" என்றார்.

வேலையை விட ஒரு வழியும் வந்தது. மந்தினில் காலைப் பசியாறக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் இட்லியைச் சாப்பிட்டிருந்தார். தினமும் இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். "தீபாவளிக்குள்ள ஆரம்பிச்சிடணும்மா. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்குவேன் லா. கட காத்துக்கிட்டு இருக்காது."

ஒரு கடைக்கு வேண்டிய மாவை ஆட்டுக்கல்லில் ஆட்ட என் தோளால் ஆகாது. அப்போதுதான் எங்கள் லயத்துக்கு நாள் முழுவதும் கரண்டு வந்திருந்தது. ஒரு கிரைண்டர் இருந்தால் போதும், பால்வெட்டுக் கத்தியை எங்களை மேய்க்கிற மண்டோரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்கள் தோட்டத்தில் கத்தி நிர்வாகத்துச் சொத்து. வேலையை விடுகிறவர்கள் அதை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கத்தியை ஒப்படைக்கும் நாளை நினைத்துக்கொண்டேதான் நான் தினமும் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் போய் நின்றேன்.

பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கிரைண்டர் படம், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "வாங்குவோருக்கு முழுப் பாதுகாப்பு". திருப்தி இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் புத்தம் புதிதாக அப்படியே திருப்பிக் கொடுங்கள், முழுப் பணமும் உங்கள் கையில் என்று போட்டிருந்தது. கீழே வெட்டி அனுப்ப ஒரு துண்டு. நான் அந்த வரியை எழுத்துக்கூட்டாத குறையாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் துடைத்து மணியார்டர் செய்தேன். பொருளைப் பார்க்காமல் வாங்குகிறாளே என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெட்டி வந்தது. வெள்ளை வெளேரென்று பெயிண்டு அடித்த கிரைண்டர், பார்க்க அவ்வளவு அழகு. நான் பிளக்கைக் கையில் எடுத்தேன். என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"பூஜை போடாம ஸ்விட்சு தட்டுறதா? உனக்கு என்னா, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

அவர் அப்படித்தான். புது டயர் மாட்டினாலும் பொட்டு வைப்பார். ரேடியோ வாங்கியபோது அதற்கு மாலை போட்டார். எங்கள் தோட்டத்தில் எல்லாருமே அப்படித்தான், அதனால் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கல்லுக்கு விபூதிப் பட்டை போட்டார். பெயிண்டு மேல் பளிச்சென்று நான்கு பக்கமும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் உளுந்தைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

உர்ர்ர் என்று ஒரு சத்தம். கல் அசையவில்லை. கையால் தள்ளிவிட்டாலும் அரைச் சுற்று சுற்றி நின்றது. கருகல் வாடை வந்தது.

"இன்னொரு தடவ சூடம் காட்டட்டுமா?" என்றார் அவர். நான் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரி, பாதுகாப்புத்தான் இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்கு சிரம்பான் டவுனில் ஒரு ஷோரூம் இருந்தது. தெரிந்தவர் வேனில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். அங்கே டை கட்டிய ஒரு மானேஜர். நம் தமிழ்ப் பிள்ளைதான், வயது முப்பதுக்குள் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தவர் பிளக்கைத் தொடவே இல்லை. பொட்டைத் தொட்டார்.

"அக்கா, இது புத்தம் புதுசா இல்லையே."

"ஒரு கிண்ணம் உளுந்துகூட அரைக்கல தம்பி. சுத்தவே இல்ல."

"அது சரி. ஆனா பொட்டு வச்சிருக்கீங்களே."

"பூஜை போட்டோம். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த உட்காருதல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "திருப்தி இல்லன்னாத்தான் பணம் திருப்பிக் குடுப்போம்னு போட்டிருக்கோம். புடிக்காத பொருளுக்கு யாராச்சும் பொட்டு வப்பாங்களா? பூஜை போட்டாச்சுன்னா நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னுதானே அர்த்தம்? இனி தா போலே லா அக்கா, முடியாது."

இப்படி ஒரு மூளை இருக்குமா? பக்கத்தில் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குல்ல?" என்றார்.

நடு ஷோரூம் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்காகப் பேச வந்த மனுஷன், வந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார். ரிப்பேராவது செய்து கொடுங்கள் என்று கேட்டேன். மாற்றிப் போடும் சாமான் இந்தியாவிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் மானேஜர். கடைசியில் ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல, "பொட்ட நல்லா சுத்தம் பண்ணிட்டு எடுத்துக்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சுத்தம் பண்ணினேன். சந்தனம் போய்விட்டது, குங்குமம் போகவில்லை. அந்த வெள்ளைப் பெயிண்டில் சிவப்பு இறங்கி ஊறிப்போயிருந்தது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், எல்லாம் பார்த்தேன். ஆத்திரத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குங்குமம் போனது, பெயிண்டும் கூடவே போனது. பொட்டு இருந்த நான்கு இடத்திலும் வட்டம் வட்டமாகத் தகரம் தெரிந்தது. மறுபடியும் வேன்காரரைக் கெஞ்சி சிரம்பானுக்குக் கொண்டுபோனேன். மானேஜர் குனிந்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"ஐயோ அக்கா, இப்ப பெயிண்டும் போச்சே."

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என்ன பேசி என்ன, கிரைண்டர் என்னோடுதான் திரும்பி வந்தது. சில நாளில் இரண்டு வாரக் கெடுவும் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்துத்தான் இன்னும் கொடுமை. பூஜை போட்ட பொருளை மூலையில் போடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் படங்களுக்கு ஊதுபத்தி காட்டுகிற கையோடு அதற்கும் காட்டுவார். அரைக்காத கிரைண்டருக்கு வாராவாரம் ஆராதனை! லயத்துப் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். "என்னாக்கா, ஒங்க வீட்டு சாமி கண்ணத் தொறந்துச்சா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் காட்டில் மரம் வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பார்த்தேன். கால் வாளி மாவுக்கே தோள் விண்ணென்று தெறித்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வலியில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி. மந்தின் கடைக்காரரும் ஆள்விட்டு இரண்டாம் தடவையாகக் கேட்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரர் லாரியைக் கழுவப் போய்விட்டார். பூஜைக்குப் பொரி, கடலை, பூ வாங்க நான் மட்டும் பஸ் ஏறி சிரம்பானுக்குப் போனேன். அந்த ஷோரூம் இருக்கும் தெருப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பூக்கடை அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஷோரூம் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே ஊதுபத்தி வாசனை, நல்ல கூட்டம். தீபாவளிக்குச் சாமான் பார்க்க வந்தவர்கள். நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வரிசையாக வைத்திருந்த புதுக் கிரைண்டர், மிக்சி, மின்விசிறி, தையல் மெஷின், ஒன்று பாக்கியில்லாமல் அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். கடைசி கிரைண்டருக்கு, கையில் கிண்ணத்தோடு, டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பொட்டு வைத்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அதே மானேஜர்!

நான் உள்ளே போனேன். அவ்வளவு நாள் கத்தியவள், அன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, இதெல்லாம் பழைய சாமானா?"

அவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. "என்னாக்கா, எல்லாம் புதுசுதான்."

"பொட்டு இருக்கே."

பக்கத்தில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார்.

"இல்ல தம்பி, பொட்டு வச்சா ஏத்துக்கிட்டதா அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தனையையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்க. அப்புறம் எப்படி இவங்களுக்குப் புதுசுன்னு விப்பீங்க?"

"அக்கா, மெல்லப் பேசுங்க லா" என்றார் அவர். நான் மெல்லத்தான் பேசினேன். ஆனால் மிக்சி பார்த்த அம்மா விடுவதாக இல்லை, என்ன விஷயம் என்று சத்தமாகவே கேட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தான் எடுத்த மின்விசிறியை மறுபடியும் கீழே வைத்துவிட்டார்.

பூஜைக்காக முதலாளியும் வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர், சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். மானேஜரைப் பார்த்து, "நெசமாவா? பொட்டு இருக்குன்னா வேணாம்னு சொன்ன?" என்றார். மானேஜர் கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பூஜை நாளும் அதுவுமா என்னா லா இது" என்று முதலாளி அலுத்துக்கொண்டார். "பணம் வேணுமா, மாத்திக் குடுக்கணுமாம்மா?"

"பணம் வேணாங்கையா. எனக்கு அரைக்கிற கிரைண்டர் வேணும். இங்கயே அரைச்சுக் காட்டுங்க."

பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ஊற வைத்த உளுந்து ஒரு கிண்ணம் வாங்கி வந்து நானே போட்டேன். கல் சுற்றியது. நுரை நுரையாக மாவு பொங்கி வந்தது. கூடி நின்றவர்கள் எல்லாரும் அதை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் அந்த மானேஜர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கடை வேனில் புதியதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வேன் போனதும் என் வீட்டுக்காரர் தட்டோடு வந்தார். "கடையில வச்ச பொட்டு வேற, நம்ம பொட்டு வேற" என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ரெண்டு வாரம் அரைக்கட்டும், அப்புறம் நீங்கள் அபிஷேகமே செய்யுங்கள் என்றேன். முனகிக்கொண்டே தட்டைக் கொண்டுபோய்ச் சாமி படத்தருகில் வைத்தார். அங்கே ஆயுத பூஜைக்கு அவர் வைத்திருந்த லாரிச் சாவி இருந்தது, ஸ்பேனர் இருந்தது, என் பால்வெட்டுக் கத்தியும் இருந்தது. பிடியில் சந்தனம், குங்குமம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே மந்தினுக்கு மாவு போக ஆரம்பித்தது. கடைக்காரர் இன்னொரு வாளியும் கேட்டார். மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் போய் மண்டோரிடம் கத்தியை நீட்டினேன். வருஷக்கணக்கில் நான் பிடித்துத் தேய்ந்த பிடி, தீட்டித் தீட்டிச் சிறுத்த அலகு, பூஜைக்கு வைத்த குங்குமம் பிடியில் ஊறி இன்னும் போகாமல் இருந்தது.

மண்டோர் பொட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.