நாற்காலியில் ஒரு ஹெல்மெட்

ஞாயிறுதோறும் பெங்களூரு ஈஜிபுராவில் கூடி, ஒருவர் எடுத்த புகைப்படத்துக்கு மற்றவர் குறைநிறை சொல்லும் சிறு குழு எங்களுடையது. இஸ்திரி கலையாத சட்டையோடு வரும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன்னையே எடுத்த படங்களைத்தான் கொண்டுவருவார். நாங்கள் சொல்லும் குறைகளை நோட்டில் எழுதி, திரும்ப வாசித்தும் காட்டுவார்.

"ஜன்னல் வெளிச்சம் அழகா விழுது. முகம்தான் எப்பவும் மங்கலா இருக்கு," என்றேன்.

"ஹெல்மெட்ட சேர்ல வச்சு ஃபோகஸ் பண்ணிக்குவேன் மேடம். அப்புறம் பத்து செகண்ட் டைமர் போட்டுட்டு ஓடிவந்து உக்காருவேன். ஃபோகஸ் தள்ளிப்போயிடுது. தெளிவா ஒரே ஒரு படம் கெடச்சா போதும்."

"வீட்ல யாரையாவது கேமரா பட்டன அமுக்கச் சொல்லுங்களேன்."

"யாரும் இல்ல மேடம்," என்று சிரித்தவர், என் யோசனையையும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் நீட்டிய படத்தில் ஹெல்மெட் மட்டும் நாற்காலியில் இருந்தது. ஒளியிலும் தெளிவிலும் ஒரு பழுதில்லை.

"சார், உங்களவிட இவரு நல்லா போஸ் குடுக்கிறாரு!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நான் ஒளியைப் பாராட்டினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் அவர் வரவில்லை. 'நான் வந்து அமுக்குகிறேன்' என்று சொல்ல எனக்குப் பத்து வினாடிகூட ஆகியிருக்காது.