காது மட்டும் அவளுடையது

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றிருந்த வருடம் அது. யோங் பெங் ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நானும் மனைவியும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மாசியில் எங்கள் ஆறு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பிள்ளை. போட்டோ பிடிக்கப் பத்து பகாட் ஊர்வரை போகவேண்டும். அடுத்த தீபாவளிக்கு ஆகட்டும் என்று இரண்டு தீபாவளியைத் தள்ளியிருந்தோம். மகள் போனபின் மனைவி அவள் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். ஒரே ஒரு நாள், பால் வாளியைக் கழுவிக்கொண்டே, "முகம் மங்கிக்கிட்டே போகுதுங்க" என்றாள்.

அதுதான் என்னைக் கிளப்பியது. யோங் பெங் பட்டணத்துச் சீனப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை லினோலியத்தில் படம் செதுக்கி அச்செடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று மளிகைக்கடைக்கார நானா சொன்னார். "ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தானாம். கூச்சப்படாமப் போங்க."

கற்றுக்கொடுத்தவர் இருபது வயதுச் சீனப் பெண். எல்லோரும் 'சேகு' என்றார்கள், மலாயில் ஆசிரியர். துரை பங்களாவில் தரைக்கு விரித்துத் தேய்ந்துபோன லினோலியத்தை ஆளுக்கொரு துண்டும் உளியும் கொடுத்தார். செதுக்கிய கோடு அச்சில் வெள்ளையாக வரும், மீதி கறுப்பாக வரும், அவ்வளவுதான் பாடம்.

மகளின் முகத்தை வரைந்து மத்தியானம்வரை செதுக்கினேன். மை உருட்டித் தாளை வைத்து எடுத்தால், முழுக்கக் கறுப்பு. பக்கத்திலிருந்த சீனத் தச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அலமாக்! என்ன பாங் இது, விளக்கில்லாத வீடா?" பாங் என்றால் அண்ணன்.

சேகு என் துண்டை விரலால் தடவிப் பார்த்தார். "தோலைத்தான் சீவியிருக்கீங்க. ஆழமா வெட்டுங்க லா."

இருபது வருடப் பழக்கம் அது. பால்மரத்தில் பட்டையை மட்டும் மெல்லச் சீவவேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும், பிறகு பால் வராது. கங்காணி எல்லோர் முன்னாலும் திட்டுவார். உளியை அழுத்தப் போனால் கை தானாக நின்றது. அதுவும் அந்த முகத்தில்.

"முடியல சேகு."

"யார் படம் இது?"

"என் மக. இப்ப இல்ல."

தச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் உளியை வாங்கினார். தன் பையிலிருந்த கல்லில் வெகுநேரம் தீட்டி, காற்சட்டையில் துடைத்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

அழுத்தி வெட்டினேன். முகம் வந்தது.

சாயங்காலம் மனைவி அந்தத் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இது நம்ம புள்ள இல்லீங்க."

தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"மூக்கு இப்படியா இருக்கும்? கண்ணு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு." அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. "காது மட்டும் அவளோடது." விரலை எடுக்காமலே, "காதுக்குப் பின்னால முடி சுருண்டு கிடக்குமே, அத ஏன் விட்டீங்க?" என்றாள். பிறகு மகளின் பேரைச் சொன்னாள். விளக்கேற்றும்வரை அந்தப் படத்தில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கும்போது உதடு எந்தப் பக்கம் ஏறும், நெற்றித் தழும்பு எப்படி வந்தது, எல்லாம். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளின் முகம் முழுசாக எனக்குத் தெரிந்தது.

திருத்தி இன்னொன்று செதுக்க வரச்சொல்லி சேகு சொல்லியனுப்பினார். நான் போகவில்லை. இன்றைக்கும் அந்தத் தப்பான படத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் நாங்கள் மகளைப் பற்றிப் பேசுகிறோம். சரியாக வந்திருந்தால், பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்திருப்போம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படம் செதுக்கியதற்கு மறுநாள் விடியலில் இருவரும் பிரட்டுக்கு, ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுத்தோம். மழை பிடித்துக்கொண்டது. மழையில் பால் கரைந்துபோகும், வெட்டு இல்லை என்று கங்காணி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.