இன்றைக்குக் கத்தி வேண்டாம்

எங்கள் அத்தைக்கு இருந்தது என்ன நோய் என்று அந்த ரப்பர்த் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் தங்கை அவர், எங்களோடுதான் இருந்தார். சில மாதம் பாயை விட்டு எழமாட்டார், தலைகூட வாரமாட்டார். பிறகு தூக்கமே இல்லாமல் பாட்டும் பேச்சுமாக, இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்வார். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் கும்பிட்டார்கள். "ஆத்தாவ இதுல இழுக்காதீங்க. இது என் ஒடம்புக்கு வர்றது" என்பார். ஆஸ்பத்திரித் தாதியான என் மருமகள் இப்போது அதைப் பைபோலார் என்கிறாள்.

அது வெள்ளைக்காரர் அறிவித்திருந்த அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி, வெளியே போக ஒரே கேட். விடியும்போது கேட்டருகே பெரட்டு நடக்கும். கங்காணி பேர் கூப்பிட்டு, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று காவல்காரர்கள் கூடையைப் பார்த்த பிறகுதான் பாலுக்கு மரப்பட்டையை வெட்ட விடுவார்கள்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, பாட்டும் பேச்சுமான ஒரு நாளில் அத்தை ஓடி ஓடி வெட்டினார். கத்தி பட்டையோடு நிற்காமல் மரத்துக்குள் இறங்கி, அவருக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரை முழுக்கக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. கங்காணி நிரையைப் பிடுங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் அத்தை விடாமல் கேட்டார். கடைசியில், "இன்னொரு மரத்துல காயத்தப் பாத்தேன், அதோட கத்திய மறந்துடு" என்று கங்காணி நிரையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அத்தை கத்தியைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார். எனக்கு எட்டு வயது.

"வேல முடிஞ்சா கத்தி இனிமே ஒங்கிட்டதான் இருக்கணும். நா படுத்துக் கெடந்தா இதக் கையில வச்சு எழுப்பு. பாட்டும் பேச்சுமா எந்திரிச்சா, அடிச்சாலும் குடுக்காத. மாரியம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சாமி சத்தியம் அல்லவா?

படுத்துக் கிடந்த நாட்களில் சில தடவை எழுந்தார், சில தடவை முடியவில்லை. அதன் பிறகு ஒரு விடியலில் பாட்டுச் சத்தம் கேட்டு விழித்தேன். எங்கள் வாசலோடு பக்கத்து நான்கு வாசலையும் கூட்டி முடித்திருந்தார்.

"கத்தியக் கொண்டாடி ராசாத்தி! இன்னிக்கு ரெண்டு நிர வெட்டப் போறேன்."

நான் கத்தியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு முன்னால் நின்றுகொண்டேன்.

"குடுடி கொரங்கே."

"சத்தியம் பண்ணிருக்கேன் அத்த."

"அது அன்னிக்கு. இன்னிக்கு நா நல்லாத்தான் இருக்கேன்."

"மாட்டேன்."

கையை ஓங்கினார். கை அப்படியே நின்றது. என்னையும் படத்தையும் வெகுநேரம் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு விறுவிறுவென்று பெரட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கத்தி எங்க புள்ள?" என்றார் கங்காணி.

"இன்னிக்குக் கத்தி வேணாம் கங்காணி. புல்லு வெட்டப் போறேன். ஒடம்பு அடங்கினதும் நானே வந்து கேப்பேன். என் நிரைய எனக்கு வைங்க."

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். "ஏன், ஆத்தா லீவு குடுத்துட்டாளா?"

"ஆமாலா. ஒன் வாய்க்கும் சேத்துத்தான் கேட்டேன். அதுக்குக் கெடையாதாம்."

கங்காணி சிரிக்கவில்லை. "நிர இருக்கும், போ" என்றார்.

ஐந்தாம் நாள் அத்தை தானே வந்து என்னிடம் கை நீட்டினார். அந்த நிரையை எத்தனையோ வருஷம் வெட்டினார். நடுநடுவே படுத்தார், நடுநடுவே புல் வெட்டினார். அவர் வெட்டிய மரத்தில் பிறகு யாரும் காயம் பார்த்ததில்லை.

கத்தி தர மறுத்த அன்று, பெரட்டு முடிந்ததும் நான் லயத்துப் பிள்ளைகளிடமெல்லாம் அத்தையை ஜெயித்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அறை. சாமிப் படம் கையகலம்தான். கத்தியின் பிடி அதற்கு மேலே, என் தலைக்கும் மேலே, நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தது.