கிழக்கு வாசல் தீப்சந்தின் சத்தியம்

தாஜ்மகாலின் கிழக்கு வாசலில் நின்று தீப்சந்த் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. அன்று தொடங்கி பத்து வருஷமாக யாராவது ஒரு மாப்பிள்ளை வீட்டார் ‘இன்றைக்கு’ அவளைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாம் அவன் வாயில்தான். வெள்ளிக்கிழமை தாஜுக்கு விடுமுறை என்பதால் அன்று மட்டும் அந்தப் பெண்ணுக்கும் ஓய்வு.

அவன் செய்த தொழிலுக்கு ஆக்ராவில் லப்கா என்று பெயர். ஊருக்குப் புதியவர்களை மோப்பம் பிடித்து, ஒட்டிக்கொண்டு, கடைக்கும் ஓட்டலுக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கமிஷன் வாங்குகிறவன் லப்கா. உரிமம் உள்ள கைடுகள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனால் அவன் பிடித்துக் கொடுக்கும் ஆளை மட்டும் திருப்பிவிட மாட்டார்கள். போலீஸ் தலை தெரிந்தால் ஓட வேண்டும். ஐம்பது வயதில் தீப்சந்த் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

அவனிடம் பொய்கள் ஏராளம். உள்ளே வரிசை மூன்று மணி நேரம் நிற்கிறது என்பான். தன் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவர் என்பான். எதுவும் எடுபடாவிட்டால் கடைசியாக எடுப்பது மகளை. குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க பாபுஜி. இன்னைக்குப் போய் பொய் சொன்னா அவ வாழ்க்கை விளங்குமா?" என்பான். பெண்ணைப் பெற்றவர்கள் அங்கேயே விழுந்துவிடுவார்கள். இதில் அவனுக்குக் கூச்சம் ஏதும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூச்சப்படுகிறவன் அந்த வாசலில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

அந்த மகள் ஷில்பிக்கு நிஜமாகவே ஒரு சம்பந்தம் வந்தது. தீப்சந்தின் மனைவி ஓம்வதியின் தம்பி தேவேந்திரா கொண்டுவந்தது. எடாவாப் பக்கம் நல்ல குடும்பம், பையன் ஜான்சியில் வங்கி வேலை. ஷில்பி அவன் புகைப்படத்தைப் பார்த்தாள், இரண்டு தடவை போனில் பேசினாள், பிடித்துப்போயிற்று. பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய் இன்னும் பல தடவை பேசினாள். தாஜை ஒட்டிய தாஜ்கஞ்சின் சந்துக்குள் பிறந்து, சாயந்தரம் டியூஷன் எடுத்து, அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றியே வளர்ந்தவள் அவள். இந்த இடம் அமைந்தால் அந்தக் கேள்வியிலிருந்து அவளுக்கு விடுதலை.

தேவேந்திரா ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தான். "மாமா அரசாங்க லைசென்ஸ் வாங்கின கைடு." லப்காவின் மகளை யார் எடுப்பார்கள்?

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று மணிக்குப் பையனின் அப்பா, அம்மா இரண்டு பேரும் வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு ஓம்வதி கணவனை இனிப்புக்குப் பூசணிப் பேட்டாவும் கூடக் காரமும் வாங்க அனுப்பினாள்.

"நேரா போ, நேரா வா. கேட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

"இன்னைக்குப் போவேனாடி?"

"நீ உன் பொணத்தைத் தூக்கற அன்னைக்கும் எந்திரிச்சு ஒரு கிராக்கியைப் பார்த்துட்டுத்தான் போவே."

அவள் சொன்னதில் தப்பில்லை. பேட்டாப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்தவனின் கால் தானாகக் கிழக்கு வாசலுக்குத் திரும்பிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அதுவும் நவம்பரில். அதைப் பார்த்தும் வீட்டுக்குப் போக அவனால் ஆகாது.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாள் கடுகு நிறச் சால்வை போர்த்தியிருந்தாள். அவர் கையில் ரயில் பயணத்துப் பை. இருவரும் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டு நின்ற நிலையே போதும், தீப்சந்துக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"எந்த ஊரு பாபுஜி?"

"கான்பூர்," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

"கான்பூர்க்காரங்க வந்தா நான் கூலியே வாங்க மாட்டேன். என் மச்சினிச்சி ஊரு."

"உனக்கு ஊருக்கு ஒரு மச்சினிச்சி இருப்பா. ஆளை விடுப்பா."

அவர் விறைப்பாக நடந்தார். அந்த அம்மாள் மட்டும் சற்றுத் தயங்கி, ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு நல்லதாக ஏதாவது பரிசு வாங்க வேண்டும், பளிங்குச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். யார் அந்தச் சொந்தக்காரப் பெண் என்று இன்னொருவனாக இருந்தால் கேட்டிருப்பான். தீப்சந்தின் காதில் விழுந்தது பளிங்கு ஒன்றுதான்.

"அரசாங்க விலைக் கடை இருக்கு, வாங்க."

"இவன் பேச்சைக் கேட்டுப் போகாதே ஊர்மிளா. எல்லாம் களவாணிப் பசங்க," என்றார் கணவர்.

தீப்சந்த் நெஞ்சில் கை வைத்தான். பேட்டாப் பெட்டியைக் காட்டினான். "இதைப் பாருங்க பெஹன்ஜி. இன்னைக்கு என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. இன்னைக்குப் போய் பொய் சொன்னா அவ வாழ்க்கை விளங்குமா?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அது நிஜம். அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இரை சிக்கியது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடையில் அவள் ஒரு நகைப்பெட்டி வாங்கினாள். பூவும் கொடியும் பதித்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் பளிங்கு இல்லை, நகத்தால் கீறினால் கோடு விழும் மாவுக்கல். கடைக்காரன் சொன்ன விலைக்கு நிஜப் பளிங்கிலேயே இரண்டு வாங்கலாம். பிரியும்போது ஊர்மிளா முந்தானை முடிச்சிலிருந்து நூற்று ஒரு ரூபாய் எடுத்து அவன் கையில் வைத்தாள். "உங்க பொண்ணுக்குச் சகுனக் காசு. நல்ல இடமா அமையட்டும்."

அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அவர்கள் தாஜுக்குள் போனதும் கடைக்குத் திரும்பி வந்து கமிஷனையும் வாங்கிக்கொண்டான்.

மூன்று மணிக்குள் குளித்து, கழுத்து மூடிய கோட்டு மாட்டி, விருந்தாளிகளை எதிர்கொள்ளச் சந்து முனைக்குப் போனான். அங்கே நின்ற தண்ணீர் லாரிக்கு அந்தப் பக்கம் தேவேந்திரா யாருடனோ பேசிக்கொண்டு நின்றான். பக்கத்தில் கடுகு நிறச் சால்வை. அதைப் போர்த்தியவள் கையில் மாவுக்கல் கடையின் பை.

தீப்சந்த் திரும்பி ஓடினான். போலீஸைக் கண்டு ஓடிய பழக்கம் அன்று உதவிற்று. வீட்டுக்குள் நுழைந்து நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தான். ஓம்வதி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு காதில் தோடும் இன்னொரு காதில் ஒன்றுமில்லாமலும் நின்ற ஷில்பி எல்லாவற்றையும் கேட்டாள்.

"மேலே போ," என்றாள் ஓம்வதி. "இருமக்கூடக் கூடாது."

மாடி அறை என்பது ஒரு கட்டிலும் பழைய பெட்டிகளும். தரையில் பழைய புகைப்போக்கி ஓட்டை ஒன்று உண்டு, கீழே பேசுவது அப்படியே கேட்கும். தீப்சந்த் கோட்டோடு அதன் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

கீழே எல்லாம் அவன் கேட்டிராத அளவுக்கு நன்றாக நடந்தது. ஷில்பி தேநீர் கொண்டுவந்தாள். ஊர்மிளா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன படித்தாய், என்ன சமைப்பாய் என்று கேட்காமல், "எம் பையன் ராத்திரி பூரா போனும் கையுமா இருக்கான், நீ எப்பம்மா தூங்கறே?" என்றாள். சிரிப்புச் சத்தம். பிறகு பை பிரிக்கும் சத்தம்.

"காலையிலே வாங்கினது. ஒரு லப்காதான் கூட்டிக்கிட்டுப் போனான். இவர் வேண்டவே வேண்டாம்னாரு. பாவம், அவன் பொண்ணையும் இன்னைக்குத்தான் பார்க்க வர்றாங்களாம். அவ பேர்லயும் நூத்தி ஒண்ணு குடுத்தேன். ஒரே நாள்ல ரெண்டு பொண்ணுக்கும் நல்லது நடக்கட்டுமே."

ஷில்பி பெட்டியை மடியில் வைத்து மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அது என்ன கல் என்று தாஜ்கஞ்சில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சம்பந்தி எங்கே?" என்றார் பையனின் அப்பா ஹர்கோவிந்த்.

"தில்லியிலேருந்து பெரிய அதிகாரிங்க வந்துட்டாங்க. சுத்திக் காட்ட இவர்தான் வேணும்னு ஆள் அனுப்பிட்டாங்க," என்றாள் ஓம்வதி. கணவனோடு குப்பை கொட்டியதில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மேலே தீப்சந்த் மூச்சை விட்டான். மீசையை எடுத்துவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டான். கல்யாணத்தில் தலைப்பாகை, பூமாலை, புகை, கூட்டம், அதில் யார் யாரை உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? முடியாவிட்டால் ஊரில் இருக்கும் தன் அண்ணனே பெண்ணைத் தாரை வார்க்கட்டும், தான் எங்காவது போய்விட்டால் ஆயிற்று. பெண் போய்ச் சேர்ந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம் அவன் நல்ல தகப்பனாகத்தான் இருந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சுப்போச்சு. கையோட நிச்சயம் பண்ணிட்டுப் போறோம். அவர்கிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசிடறேன், அது மரியாதை," என்றார் ஹர்கோவிந்த்.

ஓம்வதி கண்ணால் தடுப்பதற்குள், விஷயம் தெரியாத தேவேந்திரா நம்பரைப் போட்டுப் போனின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டான். மேலே சட்டைப்பையில் அதிர்ந்த போனை எடுத்து தீப்சந்த் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குசுகுசுவென்று பேசினான். பெரிய மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், சத்தமாகப் பேச முடியாது, மன்னிக்க வேண்டும். அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஹர்கோவிந்த். "காலையிலே அந்த லப்காவைப் பார்த்ததிலேருந்து மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. உங்களுக்கு லைசென்ஸ் இருக்குதானே?"

இருக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் சந்தேகப்பட்டுக் கேட்டால் அதற்கென்று பத்து வருஷமாக அந்த வாயில் ஒரு பதில் ஊறிக்கிடந்தது. குரல் தானாகத் தாழ்ந்தது, கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"இன்னைக்கு என் பொண்ணைப் பார்க்க வந்திருக்கீங்க பாபுஜி. இன்னைக்குப் போய் பொய் சொன்னா அவ வாழ்க்கை விளங்குமா?"

கீழே அது போனிலும் மேலே ஓட்டையிலும் சேர்ந்தே கேட்டது. யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். பிறகு ஊர்மிளா போனைப் பார்க்காமல் மேலே ஓட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"இறங்கி வாங்க."

அவன் இறங்கி வந்தான். கடைசிப் படியில் நின்றுகொண்டான். ஹர்கோவிந்த் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தீப்சந்த், "நீங்களும்தானே எடாவாவை மறைச்சுக் கான்பூர்னு சொன்னீங்க," என்றான்.

"லப்காகிட்ட ஊரைச் சொல்லாதேன்னு சொல்லி அனுப்பினாங்க," என்றாள் ஊர்மிளா. "சம்பந்திகிட்ட சொல்லாதேன்னு யாரும் சொல்லல."

அவன் கோட்டுப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளையும் நாணயத்தையும் எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அது உங்களுக்குக் குடுத்ததில்ல. அவளுக்குக் குடுத்தது." ஷில்பியின் கன்னத்தைத் தொட்டாள். "உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. லப்கான்னுகூட நான் பொறுத்துக்குவேன். ஆனா ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் இந்த வாயைக் கூப்பிட்டு உட்காரவெச்சு, இது சொல்றதை நான் எப்படிம்மா நம்புவேன்?"

போய்விட்டார்கள். தேவேந்திரா பின்னாலேயே ஓடிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமல் அப்படியே போய்விட்டான். ஓம்வதி அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்தவள் கணவனை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷில்பியின் போன் ஒலித்தது. ஜான்சியிலிருந்துதான். அவள் எடுக்கவில்லை. அது ஓய்ந்ததும் தோடுகளைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகள் குடித்த கோப்பைகளைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். தீப்சந்த் அவள் பின்னால் போய் நின்றான்.

"போகுது விடு. எடாவா இல்லேன்னா மெயின்புரி, பிரோசாபாத். இன்னும் நல்ல எடமா நான் பார்க்கறேன்."

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எந்த ஊர்லேருந்து வந்தாலும் ஆக்ராவுக்கு வர்றவங்க முதல்ல தாஜைப் பார்த்துட்டுத்தான்பா நம்ம வீட்டுக்கு வருவாங்க."

பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிழக்கு வாசலை நோக்கிப் போகும் சத்தம் சந்து வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. தீப்சந்த் அவள் கழுவி வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான்.